ஐபி ஆஃபீஸ் எக்ஸ்சேஞ்சில் கான்ஃபிகரேஷன் அழிந்துவிட்டதா? மீட்டெடுக்க ஒரு முழு வழிகாட்டி

அவயா நிறுவனத்தின் ஐபி ஆஃபீஸ் ஐபி500 வி2 என்ற அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பெட்டி 2010-ல், 6-ம் வெளியீட்டோடு வந்தது. ஹோட்டல், மருத்துவமனை, நடுத்தர அலுவலகம் என்று பல இடங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்டென்ஷன் எண்கள், ஹன்ட் குரூப் (ஒரே எண்ணுக்கு ஒலிக்கும் போன்களின் குழு), டிரங்க் லைன் (வெளி லைன்) விவரம், யார் எங்கே பேசலாம் என்ற தடைகள் எல்லாம் அதன் கான்ஃபிகரேஷனில்தான் இருக்கின்றன. ஒரே ஒரு தவறான கட்டளையில் அத்தனையும் போய், பெட்டி கடையிலிருந்து வந்த நாளைப் போல நிற்கும்.

அப்படி ஆனாலும் நல்ல பிரதி ஒன்று பெரும்பாலும் எங்கேயாவது மிஞ்சியிருக்கும். பிரச்சினை என்னவென்றால், அழிந்த முதல் ஒரு மணி நேரத்தில் பதற்றத்தோடு செய்கிற வேலைகளில்தான் அந்தக் கடைசிப் பிரதியும் போகிறது. அதனால் இந்த வழிகாட்டியைப் படிகளின் வரிசை மாறாமல் பின்பற்றுங்கள். கீழே சொல்லும் மெனுப் பெயர்கள் விண்டோஸில் ஓடும் ஐபி ஆஃபீஸ் மேனேஜர் மென்பொருளில் உள்ளவை.

எப்படி அழிகிறது

மூன்று வழிகள் அடிக்கடி நடப்பவை. முதலாவது, மேனேஜரில் ஃபைல் மெனுவுக்குள் அட்வான்ஸ்டு என்ற பகுதி. ரீபூட், அப்கிரேடு போன்ற தினசரிக் கட்டளைகள் இருக்கும் அதே பட்டியலில்தான் எரேஸ் கான்ஃபிகரேஷன் என்ற கட்டளையும் இருக்கிறது.

இரண்டாவது, பெட்டியின் பின்புறம் இருக்கும் ரீசெட் பொத்தான். இதை எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேலை மாறும். 5 முதல் 10 வினாடி வரை பிடித்தால் சிபியு விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும். அப்போது விட்டால், லைன்கள் ஓய்ந்ததும் ரீபூட் ஆகும், அவ்வளவுதான். 10 வினாடியைத் தாண்டினால் ஆரஞ்சு விளக்கு மினுக்கத் தொடங்கும். 30 வினாடிக்குள் எப்போது விட்டாலும் கான்ஃபிகரேஷன் அழியும். 30 முதல் 40 வினாடி வரை விளக்கு சிவப்பு; அப்போது விட்டால் கான்ஃபிகரேஷனோடு அலாரம் பதிவும் பெட்டியின் மூல மென்பொருளும் சேர்ந்து போகும். 40-ஐத் தாண்டி, விளக்கு பச்சையில் மினுக்கும்போது விட்டால் ஒன்றும் ஆகாது. சும்மா ரீபூட் செய்ய நினைத்துப் பொத்தானைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டவர்கள்தான் இந்தப் பிரச்சினையோடு வருபவர்களில் அதிகம். வினாடியை மனதில் எண்ணாமல் விளக்கைப் பார்த்துக்கொண்டே விரலை எடுப்பதுதான் சரி.

மூன்றாவது வழி சத்தமில்லாதது. வேறு கிளைக்காகவோ பயிற்சிக்காகவோ உருவாக்கிய ஒரு ஆஃப்லைன் கோப்பைத் திறந்து, அதைத் தவறான பெட்டிக்கு அனுப்பிவிடுவது. இங்கே அழிக்கும் கட்டளை எதுவும் இல்லை, ஆனால் விளைவு அதேதான்.

முதலில் செய்யக் கூடாதவை

பெட்டியின் பின்புறம் ஒரு எஸ்டி கார்டு செருகியிருக்கும். அந்தக் கார்டுக்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரில் இரண்டு உள் ஃபோல்டர்கள் இருக்கும்: பிரைமரி, பேக்கப். பெட்டி தினமும் பயன்படுத்துவது பிரைமரி. மேனேஜரில் மாற்றம் செய்து அனுப்பும்போது அது பெட்டியின் ராமுக்கும், பிரைமரி ஃபோல்டருக்கும், பெட்டியின் உள் நினைவகத்துக்கும் போகும். நள்ளிரவு 00:00 மணிக்கும் 00:30-க்கும் இடையே ராமில் இருப்பது தானாகவே மறுபடி கார்டில் எழுதப்படும். பேக்கப் ஃபோல்டர் இந்த ஓட்டத்தில் சேராது. பேக்கப் சிஸ்டம் ஃபைல்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்தாலோ, அப்கிரேடு செய்யும்போது அதே பெயரில் வரும் டிக்கை விட்டுவைத்திருந்தாலோ மட்டும்தான் பிரைமரியில் இருப்பது பேக்கப்புக்குப் போகும்.

இதிலிருந்தே முதல் தடை வருகிறது. கான்ஃபிகரேஷன் அழிந்த பிறகு "எதற்கும் ஒரு பேக்கப் எடுத்துவைப்போம்" என்று அந்தக் கட்டளையைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் வெறுமையான பிரைமரி, நல்ல பேக்கப்பின் மேல் எழுதப்பட்டுவிடும். கடைசிப் பிரதி போவது பெரும்பாலும் இந்த ஒரு கிளிக்கில்தான்.

கார்டை விண்டோஸில் ஃபார்மேட் செய்வதும் கூடாது. இந்த எஸ்டி கார்டு வெறும் சேமிப்பு இடம் மட்டும் கிடையாது. லைசென்ஸுக்கான ஃபீச்சர் கீயும் அதிலேயே இருக்கிறது. மேனேஜர் அல்லது சிஸ்டம் ஸ்டேட்டஸ் மென்பொருள் தவிர வேறு எதில் ஃபார்மேட் செய்தாலும் அந்தக் கீ அழிந்துவிடும். பிறகு அது சாதாரணக் கார்டு. வாங்கிய லைசென்ஸ்கள் அதோடு வேலை செய்யாது. கான்ஃபிகரேஷனைத் திரும்ப உருவாக்கலாம், இதை அப்படிச் செய்ய முடியாது. கணினியில் செருகியதும் விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டால் ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

ரீகிரியேட் எஸ்டி கார்டு என்ற கட்டளையையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அதற்கான நேரம் பின்னால் வரும்.

எது அழிந்தது என்று கண்டுபிடியுங்கள்

பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, போன்கள் வேலை செய்கின்றன, ஆனால் யாரோ கார்டிலுள்ள கோப்புகளை அழித்துவிட்டார்கள் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கான்ஃபிகரேஷன் இன்னும் ராமில் உயிரோடு இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், ரீபூட் செய்யாதீர்கள். உடனே மேனேஜரில் பெட்டியைத் திறந்து, ஃபைல் மெனுவில் சேவ் கான்ஃபிகரேஷன் அஸ் கொடுத்துக் கணினியில் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஏதாவது ஒரு சிறு மாற்றம் செய்து அனுப்பினால் கார்டின் பிரைமரியில் மறுபடி எழுதப்படும். அழிந்த மற்ற கோப்புகளை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி ரீபூட் ஆகி வந்துவிட்டது, எக்ஸ்டென்ஷன் எண்கள் எல்லாம் 201, 202 என்று வரிசையாக மாறியிருக்கின்றன, பயனர் பெயர்கள் எக்ஸ்டன்201 என்ற மாதிரி இருக்கின்றன, 200-ல் மெயின் என்ற ஒரே ஒரு ஹன்ட் குரூப்தான் இருக்கிறது என்றால், கான்ஃபிகரேஷன் மட்டும் அழிந்திருக்கிறது. மென்பொருள் நன்றாகவே இருக்கிறது. அதிகம் நடப்பது இதுதான்.

சிபியு விளக்கு சிவப்பில் நிலையாக எரிந்தால் பெட்டியில் மென்பொருளே இல்லை என்று பொருள். இது மூன்றாவது நிலை. அதற்குத் தனிப் பகுதி கீழே இருக்கிறது.

இந்த நேரத்தில் வேறு யாருடைய கணினியிலாவது மேனேஜர் திறந்தே கிடக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். காலையில் ஒரு எக்ஸ்டென்ஷனை மாற்றத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருப்பார்கள். அந்தத் திரையில் இருப்பது அழிவதற்கு முந்தைய கான்ஃபிகரேஷன். அதைப் பெட்டிக்கு அனுப்பிப் பார்க்காமல், முதலில் சேவ் கான்ஃபிகரேஷன் அஸ் கொடுத்துக் கோப்பாக்குங்கள். மீதி எல்லாம் அதற்கப்புறம்.

கார்டை வெளியே எடுத்துப் பிரதி செய்தல்

கார்டை அப்படியே உருவக் கூடாது. மேனேஜரில் ஃபைல், அட்வான்ஸ்டு, மெமரி கார்டு கமாண்டு வழியாக ஷட்டவுன் கொடுங்கள். சிஸ்டம் ஸ்டேட்டஸ் மென்பொருளிலும் இதே வசதி உண்டு. பெட்டியின் பின்புறத்தில் அந்தக் கார்டின் விளக்கு அணைந்ததும் எடுக்கலாம். கணினி எதுவும் கையில் இல்லையென்றால், ஏயுஎக்ஸ் பொத்தானை 5 வினாடிக்கு மேல் அழுத்தினால் பெட்டி முழுதும் 10 நிமிடத்துக்கு முறையாக அணையும். அந்த இடைவெளியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டு ரீடரில் செருகி, உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் கணினியில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். பிரைமரி, பேக்கப் மட்டும் போதாது. வாய்ஸ்மெயில் கோப்புகள் இருக்கும் டைனமிக் ஃபோல்டரும் வேண்டும். கார்டில் எதையும் எழுதவோ, பெயர் மாற்றவோ, அழிக்கவோ வேண்டாம். அந்தப் பிரதியை இன்னொரு பென்டிரைவிலும் போட்டுவைத்துவிட்டால் அதன் பிறகு எந்தத் தவறும் உங்களை ஒன்றும் செய்யாது.

இப்போது பிரதியில் பேக்கப் ஃபோல்டரைத் திறந்து, கான்ஃபிக் என்ற பெயரும் சிஎஃப்ஜி என்ற நீட்டிப்பும் கொண்ட கோப்பின் தேதியைப் பாருங்கள். கடைசியாக அப்கிரேடு செய்த தேதி அங்கே இருந்தால், அந்த அன்றைய நிலையாவது உங்கள் கையில் இருக்கிறது. பெட்டியில் ஆப்ஷனல் எஸ்டி என்ற இரண்டாவது கார்டு இருந்தால் அதையும் இதே முறையில் எடுத்துப் பாருங்கள். முன்பு வந்த டெக்னீசியன் பொறுப்பானவராக இருந்திருந்தால் அதில் ஒரு முழுப் பிரதி இருக்கும்.

கணினியில் தேடுவது

பலருக்குத் தெரியாத ஒன்று: மேனேஜரின் பிரிஃபரன்சஸ் பகுதியில் பேக்கப் ஃபைல் ஆன் சென்ட் என்ற ஒரு டிக் இருக்கிறது. அது போட்டிருந்தால், ஒவ்வொரு முறை கான்ஃபிகரேஷனை அனுப்பும்போதும் ஒரு பிரதி கணினியிலேயே தங்கும். கோப்பின் பெயரில் சிஸ்டம் பெயர், தேதி, வரிசை எண் மூன்றும் இருக்கும்.

அந்தக் கோப்புகள் வழக்கமாக புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அவயா, ஐபி ஆஃபீஸ், மேனேஜர் என்று போகும் ஃபோல்டரில் இருக்கும். அங்கே இல்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம். நிர்வாகி உரிமை இல்லாமல் மேனேஜரை ஓட்டியிருந்தால், விண்டோஸ் அந்தக் கோப்புகளைப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பியிருக்கலாம். மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி வைத்து, சிஎஃப்ஜி என்ற நீட்டிப்போடு வட்டு முழுவதும் தேடுங்கள். ரிசப்ஷன் கணினி, ஐடி ஆளின் மடிக்கணினி, பழுதாகி மூலையில் கிடக்கும் பழைய கணினியின் வட்டு, பராமரிப்புக்கு வரும் நிறுவனத்தின் கணினி என்று மேனேஜர் நிறுவியிருந்த எல்லா இடத்திலும் பாருங்கள். பழைய மின்னஞ்சல்களில் இணைப்பாகவும் இருக்கலாம்; ஒரு சிக்கலைக் கேட்க யாரோ யாருக்கோ கான்ஃபிகரேஷன் கோப்பை அனுப்பியிருப்பார்கள்.

கிடைத்த எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, தேதி வாரியாக அடுக்குங்கள். பிறகு மேனேஜரில் ஃபைல், ஆஃப்லைன், ஓப்பன் ஃபைல் வழியாக ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஆஃப்லைனில் திறப்பதால் பெட்டிக்கு எதுவும் ஆகாது. பயனர் பெயர்களும், டிரங்க் லைன்களும், இன்கமிங் கால் ரூட்டும் முழுதாக இருக்கும் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். புதிய கோப்பு எப்போதும் நல்ல கோப்பு என்று நினைக்க வேண்டாம். அழிந்த பிறகு யாரோ வெறுமையான பெட்டியைத் திறந்து மூடியிருந்தால், தேதியில் அதுதான் முதலில் நிற்கும்.

பெட்டியைத் தொடர்புகொள்ளுதல்

கான்ஃபிகரேஷன் அழிந்த பெட்டிக்குப் பழைய ஐபி முகவரி மறந்துபோயிருக்கும். கார்டைத் திரும்பச் செருகிப் பெட்டியைக் கிளப்பியதும், அது நெட்வொர்க்கில் டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியாக முகவரி கேட்கும். அலுவலகத்தில் டிஹெச்சிபி சர்வர் இருந்தால் அது கொடுக்கும் ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். யாரும் கொடுக்காவிட்டால் லேன் 1-ல் 192.168.42.1 என்று தானே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் தானே டிஹெச்சிபி சர்வராகவும் மாறிவிடும். இது கவனிக்க வேண்டிய ஆபத்து. அலுவலக நெட்வொர்க்கின் சர்வர் அந்த நேரம் அணைந்திருந்தால், பிறகு கணினிகள் எல்லாம் 192.168.42 வரிசையில் முகவரி வாங்கி, இண்டர்நெட்டும் நின்றுவிடும். போன் பிரச்சினை கணினிப் பிரச்சினையாகவும் ஆகிவிட வேண்டாம்.

அதனால் பெட்டியைக் கிளப்பும் முன்பே அதன் லேன் 1 கேபிளை ஸ்விட்சிலிருந்து பிரித்து, மடிக்கணினியோடு நேராக இணையுங்கள். மடிக்கணினிக்கு 192.168.42.10, சப்நெட் 255.255.255.0 கொடுங்கள். மேனேஜரில் பெட்டியைத் தேடினால் அது தெரியும். அதன் பெயராக இப்போது மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) வந்திருக்கும்.

கடவுச்சொல் என்ன என்று குழம்ப வேண்டாம். பாதுகாப்பு அமைப்புகள் கான்ஃபிகரேஷனிலிருந்து தனியானவை. கான்ஃபிகரேஷனை அழித்தால் அவை அழிவதில்லை. நேற்று வரை இருந்த அதே கடவுச்சொல்தான் இன்றும்.

உள்ளே நுழைந்ததும் ஆரம்ப அமைப்புத் திரை ஒன்று வரலாம். பெட்டி எந்த மோடில் இயங்க வேண்டும் என்று கேட்டால், உங்களுடையது முன்பு ஸ்டாண்டர்டு மோடில் இருந்ததென்றால் அதையே தேர்ந்தெடுங்கள். குயிக் மோடில் விட்டுவிட்டால் பழைய கான்ஃபிகரேஷன் அதோடு பொருந்தாது.

கான்ஃபிகரேஷனைத் திரும்ப ஏற்றுவது

தேர்ந்தெடுத்த கோப்பை ஆஃப்லைனில் திறந்த நிலையில் ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள்: லேன் 1 முகவரி சரியா, எக்ஸ்டென்ஷன் எண்ணிக்கை பெட்டியில் உள்ள போன் லைன் கார்டுகளோடு ஒத்துப்போகிறதா? கோப்புக்குப் பிறகு பெட்டியில் புதிய கார்டோ எக்ஸ்பான்ஷன் மாட்யூலோ செருகியிருந்தால் அந்தப் போர்ட்டுகள் கோப்பில் இருக்காது, பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஃபைல், ஆஃப்லைன், சென்ட் கான்ஃபிகரேஷன். பெட்டியைத் தேர்ந்தெடுத்து, உடனடி ரீபூட் கொடுங்கள். ரீபூட் முடிந்ததும் பெட்டி பழைய ஐபி முகவரியில் வந்துவிடும்; மடிக்கணினியின் முகவரியை மாற்றி, கேபிளை ஸ்விட்சில் திரும்ப இணையுங்கள்.

ரீஸ்டோர் சிஸ்டம் ஃபைல்ஸ் என்ற கட்டளையும் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன? அது பேக்கப் ஃபோல்டரை அப்படியே பிரைமரிக்குக் கொண்டுவரும், மென்பொருளையும் சேர்த்து. பேக்கப் எடுத்தது அப்கிரேடுக்கு முன்பு என்றால், பெட்டி பழைய வெளியீட்டுக்குப் போய்விடும். அதோடு ஐபி போன்களின் ஃபர்ம்வேரும் மல்லுக்கு நிற்கும். பேக்கப்பிலிருந்து சிஎஃப்ஜி கோப்பை மட்டும் எடுத்து, மேனேஜர் வழியாக அனுப்புவதுதான் என் பரிந்துரை. பழைய வெளியீட்டின் கோப்பைப் புதிய மேனேஜர் திறந்துகொள்ளும்.

பிரைமரி அழியவில்லை, கெட்டுப்போயிருக்கிறது, அதனால் பெட்டி கிளம்பாமல் திணறுகிறது என்ற சந்தேகம் இருந்தால் ஏயுஎக்ஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். பிரைமரியைத் தவிர்த்துவிட்டு வேறு இடத்திலிருந்து கிளம்பும்.

மென்பொருளும் போயிருந்தால்

சிவப்பு விளக்கு நிலையில் நிற்கும் பெட்டியைப் பார்த்துப் பலர் பலகையே எரிந்துவிட்டதாக நினைத்துப் புதிய பெட்டிக்கு விலை கேட்கப் போகிறார்கள். பெட்டி கிளம்பும்போது மென்பொருளைத் தேடும் வரிசை இப்படி: கார்டின் பிரைமரி, பெட்டியின் உள் நினைவகம், கார்டின் பேக்கப், ஆப்ஷனல் கார்டின் பிரைமரி, ஆப்ஷனல் கார்டின் பேக்கப். இவற்றில் ஒன்றிலும் கிடைக்காவிட்டால்தான் பூட்பி (கிளம்பும் பெட்டி நெட்வொர்க்கில் உள்ள கணினியிடம் கேட்டு வாங்கும் முறை) வழியாகக் கேட்கும். அதாவது, நல்ல கார்டு ஒன்று உள்ளே போனால் பெட்டி எழுந்துவிடும்.

ரீகிரியேட் கட்டளைக்கான நேரம் இதுதான். முந்தைய பகுதியில் சொன்னபடி கார்டின் முழுப் பிரதி கணினியில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, கார்டை ரீடரில் செருகி, மேனேஜரில் ரீகிரியேட் ஐபி ஆஃபீஸ் எஸ்டி கார்டு கொடுங்கள். மேனேஜர் எந்த வெளியீடோ அந்த மென்பொருள்தான் கார்டில் எழுதப்படும். ஆகவே பெட்டியில் முன்பு ஓடிய அதே வெளியீட்டின் மேனேஜரை நிறுவிக்கொண்டு தொடங்குங்கள். கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் பாதியில் பிடுங்கக் கூடாது. முடிந்ததும் கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தால், சிபியு விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிந்து, கடைசியில் பச்சையில் நிற்கும். பிறகு மேலே சொன்னபடி கான்ஃபிகரேஷனை ஏற்றலாம்.

பூட்பி வழியை முயல வேண்டியிருந்தால், மேனேஜரின் பிரிஃபரன்சஸில் பூட்பி, டிஎஃப்டிபி சர்வர்களை இயக்க வேண்டும். அது இயல்பில் அணைந்தே இருக்கும். விண்டோஸ் ஃபயர்வாலும் அதைத் தடுக்கும்.

பிரதியே கிடைக்கவில்லை என்றால்

அப்போது புதிதாகக் கட்ட வேண்டும். ஆனால் ஊகத்தில் கட்ட வேண்டியதில்லை. எந்தச் சுவரில் எந்த எண் என்பதற்கான சாட்சியங்கள் கட்டிடம் முழுதும் கிடக்கின்றன.

முதலில் எம்டிஎஃப் பலகை, அதாவது கட்டிடத்தின் போன் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பலகை. அங்கே குரோன் பிளாக்குகளில் (கம்பிகளைச் செருகும் பட்டைகளில்) ஒட்டியிருக்கும் சீட்டுகள் எந்த ஜோடிக் கம்பி எந்த அறைக்கு என்பதைச் சொல்லும். பெட்டியின் போர்ட் வரிசைப்படிதான் இப்போது 201-லிருந்து எண்கள் வந்திருக்கின்றன, எனவே போர்ட்டைக் கண்டுபிடித்தால் எண்ணை மாற்றுவது எளிது. அடுத்தது ஒவ்வொரு மேசையிலும் போன் மேல் ஒட்டியிருக்கும் எண், ரிசப்ஷனில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பட்டியல். வாய்ஸ்மெயில் புரோ சர்வர் தனியாக ஓடினால், அதன் அக்கவுண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்தப் பெயர்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே பயன்படுத்துங்கள். மெயில்பாக்ஸ் பயனரின் பெயரோடுதான் இணைந்திருக்கிறது. முன்பு ஒரு விதமாக இருந்த பெயரை இப்போது ஒரு எழுத்து மாற்றி வைத்தாலும் அவருடைய பழைய செய்திகள் அவருக்குத் தெரியாது.

அழைப்புப் பதிவு மென்பொருள் ஓடியிருந்தால் அதில் பெயர், எண், எந்த ஹன்ட் குரூப்புக்கு அழைப்பு போனது என்ற விவரங்கள் இருக்கும். பிஆர்ஐ லைனின் (ஒரே கேபிளில் பல அழைப்புகள் வரும் டிஜிட்டல் லைன்) எண் வரிசை, சிப் டிரங்கின் (ஐபி நெட்வொர்க் வழியாக வரும் வெளி லைன்) பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை லைன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். லைசென்ஸைப் பொறுத்தவரை, 10-ம் வெளியீட்டிலிருந்து அது எக்ஸ்எம்எல் கோப்பாக வருகிறது. கார்டு அதேதான் என்றால் அந்தக் கோப்பை மறுபடி ஏற்றலாம். அதற்கு முந்தைய வெளியீடுகளில் லைசென்ஸ் கீக்கள் கான்ஃபிகரேஷனுக்குள்ளேயே இருந்தன. வாங்கியபோது வந்த காகிதத்தையோ மின்னஞ்சலையோ தேடி எடுத்துத் தட்டச்சு செய்ய வேண்டும்.

கட்டும் வரிசையில் ரிசப்ஷனும் அவசர அழைப்பும் முதலில் வரட்டும். உள்ளே வரும் அழைப்பு ரிசப்ஷனில் ஒலிக்க வேண்டும். எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும் 112-ம் 108-ம் போக வேண்டும். மருத்துவமனையிலும் லாட்ஜிலும் இது காத்திருக்க முடியாத விஷயம். மற்றதெல்லாம் மாலைக்குள் ஆகலாம்.

அதே நாளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. ஏ-லா வகைப் பெட்டியின் (இந்தியாவில் பயன்படும் வகை) இயல்பு நிலையில், உள்ளே பொருந்தாத எந்த எண்ணும் நேராக வெளி லைனுக்குப் போகும்படி ஒரு ஷார்ட் கோடு (டயல் செய்த எண்ணை என்ன செய்வது என்ற விதி) இருக்கிறது. நீங்கள் முன்பு போட்டிருந்த எஸ்டிடி, ஐஎஸ்டி தடைகள் இப்போது இல்லை. வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாத எக்ஸ்டென்ஷன்களுக்கு அன்று மாலைக்குள்ளேயே தடையைத் திரும்பப் போட்டுவிடுங்கள். லைன் கொடுக்கும் நிறுவனத்திடம் சொல்லி ஐஎஸ்டியைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது இன்னும் பாதுகாப்பு.

மீட்ட பின் சோதனை

டிஜிட்டல் போன்கள் தாமாகவே எழுந்துவிடும். 1608, 9608 போன்ற ஐபி போன்கள் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு நிற்கும். பெட்டியின் முகவரியும், எக்ஸ்டென்ஷன் கடவுச்சொல்லும் முன்பு போலவே இருந்தால் சில நிமிடங்களில் வந்துவிடும். வராவிட்டால் டிஹெச்சிபி சர்வரில் 242-ம் ஆப்ஷனில் என்ன முகவரி போட்டிருக்கிறது என்று பாருங்கள்; 4600, 5600 வரிசைப் பழைய போன்களுக்கு அது 176. பிரதி இல்லாமல் புதிதாகக் கட்டியிருந்தால், ஒவ்வொரு ஐபி போனிலும் எண்ணையும் கடவுச்சொல்லையும் கையால் போட வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு டிரங்கிலும் வெளியே ஒரு அழைப்பு, உள்ளே ஒரு அழைப்பு. ஹன்ட் குரூப் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. இரவு நேர ரூட்டிங் இருந்தால் டைம் புரொஃபைலைக் கையால் மாற்றிச் சோதியுங்கள், இல்லாவிட்டால் அது தவறாக இருப்பது நள்ளிரவில்தான் தெரியும். பெட்டியின் தேதி, நேரம் சரியா? ஃபேக்ஸ் லைன், லிஃப்ட்டுக்குள் இருக்கும் போன், கேட்டில் இருக்கும் டோர்போன் ஆகியவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள்; நீங்களே போய் அழுத்திப் பாருங்கள்.

பழைய பிரதியை ஏற்றியிருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு வேலையை விட்டுப் போனவர்கள், புதிதாக வந்தவர்கள், அறை மாறியவர்கள் பட்டியலை நிர்வாகத்திடம் வாங்கி ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். போனவருடைய மொபைல் ட்வின்னிங் (மேசை போனோடு மொபைலும் சேர்ந்து ஒலிக்கும் வசதி) மறுபடி உயிர் பெற்றிருந்தால், அலுவலக அழைப்பு அவருடைய சொந்த போனுக்குப் போகும். இதை முதல் நாளே பார்க்க வேண்டும்.

எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் பேக்கப் சிஸ்டம் ஃபைல்ஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். சில நிமிடங்கள் ஆகும். அதோடு சேவ் கான்ஃபிகரேஷன் அஸ் மூலம் தேதியைப் பெயரில் வைத்து ஒரு கோப்பு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு ஒரு கோப்பு, லைசென்ஸ் எக்ஸ்எம்எல் ஆகிய மூன்றையும் பெட்டிக்கு வெளியே, மேனேஜர் ஓடும் கணினிக்கும் வெளியே வையுங்கள். பேக்கப் ஃபைல் ஆன் சென்ட் டிக்கைப் போட்டு, எத்தனை கோப்புகள் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இடத்தில் தாராளமாக ஒரு எண் கொடுங்கள். ஒரு கோப்பு மட்டும் என்று வைத்தால், வெறுமையான கான்ஃபிகரேஷனை ஒரு முறை அனுப்பியதும் நல்ல கோப்பு போய்விடும். பெட்டியின் பின்புறம் ரீசெட் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டி, "ஆரஞ்சு மினுக்கத் தொடங்கினால் விடாதே, பச்சை மினுக்கும் வரை பிடித்திரு" என்று எழுதிவைக்கலாம். 40 வினாடி தாண்டிய பிறகு விட்டால் ஒன்றும் அழியாது என்பது அந்த நேரத்தில் அங்கே நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.